பெரிய வண்டியா, வேலைக்கேற்ற வண்டியா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், சரக்கு வண்டி. தோட்டத்து மண்டபத்தில் கூடியிருக்கும் நம்மிடம் வண்டி வியாபாரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் குடும்பங்களில் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் கைக்கு வரும் பெருந்தொகை, அதாவது ஊழியர் சேமநிதிப் பணமும் வேலை முடிவில் கிடைக்கும் இழப்பீடும், பெரும்பாலும் இரண்டு வழிகளில் செலவாகின்றது. ஒன்று வீடு, மற்றொன்று வண்டி. வீட்டைப் பற்றி நாம் பலமுறை கலந்து பேசுகின்றோம். உறவினரைக் கேட்கின்றோம்; நாள் பார்க்கின்றோம். வண்டியை மட்டும் ஒரு மாலைப் பொழுதில், விற்பனைக் கூடத்து விளக்கொளியில் முடிவு செய்துவிடுகின்றோம். அதனால்தான் இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகின்றோம்.

இப்பொழுது நம் தோட்டங்களில் பால் வெட்டும் வேலையோடு ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு கிளைத்தொழிலை வைத்திருப்பதைக் காண்கின்றோம். சிலருக்கு இரண்டு மூன்று ஏக்கர் சொந்த ரப்பர் நிலம் உண்டு. சிலர் ஆடு மாடு வளர்க்கின்றனர். புல் அறுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கின்றது. சிலர் கீரையும் கத்தரியும் பயிரிட்டு வாரச் சந்தைக்கு அனுப்புகின்றனர். இன்னும் சிலர் அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் கட்டிப்பாலை வாங்கி நிறுவை நிலையத்தில் சேர்க்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் ஒரு வண்டி தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எந்த வண்டி என்பதுதான் கேள்வி. சிறிய திறந்த தட்டு லோரியா, அல்லது உயரமாக, அகலமாக, ஐந்து பேர் அமரக்கூடிய இரட்டைக் கேபின் பிக்-அப்பா?

முதியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் நிரையிலிருந்து பாலைக் காண்டாக் கம்பில் இரு வாளிகளாகத் தொங்கவிட்டுத் தோளிலே சுமந்து வந்தோம். பின்னர் மிதிவண்டி வந்தது. அதன் பின் மோட்டார் சைக்கிள் வந்தது. இன்றும் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் இருபுறமும் பீப்பாய் கட்டிப் பால் ஏற்றிச் செல்வோர் உண்டு. ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: இது எவ்வளவு சுமக்கும்? காண்டாக் கம்பை வாங்கும்போது அதன் நிறத்தையோ பளபளப்பையோ யாரும் கேட்டதில்லை. வளையுமா, முறியுமா என்றுதான் கேட்டார்கள். சரக்கு வண்டியும் அந்தக் காண்டாக் கம்பின் பேரப்பிள்ளைதான். அதன் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தட்டைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும் 1.58 மீட்டர் அகலமும் கொண்டது. முன்னால் ஒரு வரிசை இருக்கை, 1.5 லிட்டர் இஞ்சின், பின்னால் தட்டு, அவ்வளவுதான். அதே பெயரில் இக்காலத்தில் ஓடும் இரட்டைக் கேபின் வண்டியோ 5.3 மீட்டர் நீளமும் 1.85 மீட்டர் அகலமும் உடையது. ஃபோர்டு ரேஞ்சர் போன்றவை 1.9 மீட்டர் அகலத்தையும் தாண்டிவிட்டன. வண்டி ஒரு மீட்டர் நீண்டிருக்கின்றதே, தட்டும் நீண்டிருக்குமல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. இரட்டைக் கேபின் வண்டியின் தட்டு ஏறத்தாழ 1.5 மீட்டர், அதாவது ஐந்தடிதான். பழைய சிறு வண்டியின் தட்டைவிட அது குறுகியது. கூடிய நீளமெல்லாம் இரண்டாவது வரிசை இருக்கைக்கும் முன்னாலிருக்கும் பெரிய இஞ்சின் அறைக்கும் போய்விட்டது.

இதற்கு எதிரே, டாய்ஹாட்சு கிரான் மேக்ஸ், சுசுக்கி கேரி போன்ற சிறு லோரிகளை நிறுத்திப் பாருங்கள். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர். ஓட்டுநர் முன் சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொள்வதால் மிச்சப்படும் இடமெல்லாம் தட்டாகிவிடுகின்றது. அத்தட்டு 2.3 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. ஏழரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பக்கக் கதவுகளையும் கீழே இறக்கிவிடலாம். ஆக, நீளத்தில் ஒரு மீட்டர் குறைந்த வண்டி, இரண்டரை அடி நீண்ட தட்டைத் தாங்கி நிற்கின்றது. ஜப்பான் நாட்டில் 1949ஆம் ஆண்டில் ‘கெய்’ என்ற மிகச் சிறு வண்டி வகையைச் சட்டப்படி வகுத்தார்கள். இப்போதைய அளவுப்படி அது 3.4 மீட்டர் நீளத்தையும் 1.48 மீட்டர் அகலத்தையும் 660 சிசி இஞ்சினையும் தாண்டக்கூடாது. நம் கண்ணுக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் அவ்வண்டியின் தட்டுகூட ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளம்! நெல் வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இடையிலுள்ள குறுகிய பாதைகளில் ஜப்பானிய விவசாயிகள் பல்லாண்டுகளாக அவற்றைத்தான் ஓட்டி வருகின்றனர். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவ்வகை வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 350 கிலோதான்.

சரக்கு வண்டி ஏன் இப்படிப் பெருத்தது? இதற்கு ஒரே காரணம் கூற இயலாது. குடும்பத்திற்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே வண்டி போதும் என்று வாங்குவோர் விரும்பியது ஒரு காரணம். உலகச் சந்தையை நடத்திச் செல்லும் பெரிய நாடுகளின் சட்டங்களும் ஒரு காரணம். அமெரிக்காவில் நடந்தது சற்று வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகள் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வெளிநாட்டுப் பிராந்தி முதலிய சில பொருள்களோடு சிறு லோரிகளுக்கும் வரி விதித்தார். லோரிக்கு 25 விழுக்காடு. 1964இல் நடப்புக்கு வந்த அந்த வரி, கோழிச் சண்டை ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீங்கவில்லை. வெளிநாட்டுச் சிறு வண்டிகள் அச்சந்தையில் நுழைவது கடினமாயிற்று. உள்நாட்டுப் பெரிய வண்டிகளுக்குப் போட்டி குறைந்தது. பிறகு, 2012ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அங்கு நடப்புக்கு வந்த எரிபொருள் சிக்கன விதிகளில், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதாக இருந்தால் இலக்கு தளர்ந்தது. பெரிதாகச் செய்வதில் நிறுவனங்களுக்கு இன்னுமொரு வசதி. கோழியால் பெருத்த வண்டியை நம் செம்மண் சாலையில் நாமும் விரும்பி நிற்கின்றோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நம் நாட்டில் ஓடும் பிக்-அப் வண்டிகள் அமெரிக்க வண்டிகளின் அளவுக்கு வளரவில்லை என்பதும், அவற்றுள் பல தாய்லாந்தில் உருவாகி வருபவை என்பதும் உண்மையே. ஆயினும் உயர்ந்த முன்மூடி, பருத்த சக்கரம், குறுகிய தட்டு என்ற நாகரிகம் எல்லா நாடுகளிலும் பரவிவிட்டது.

இனிச் சுமையைப் பற்றிக் கூறுவோம். தட்டு நீளமாக இருப்பதனாலேயே அது நிறையச் சுமக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேதான் சிறு லோரிக்காரர்கள் தவறி விழுகின்றனர். மரத்திலிருந்து இறங்கிய பால் ஏறத்தாழத் தண்ணீரின் எடைதான். 200 லிட்டர் பீப்பாய் நிறையப் பால் இருந்தால் 200 கிலோ. ஏழரை அடித் தட்டில் அத்தகைய பீப்பாய்கள் ஆறு தாராளமாக நிற்கும். ஆறு பீப்பாய் என்றால் 1,200 கிலோ! சிறு லோரியின் அச்சும் தடையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது. பீப்பாய் பாதி நிரம்பியிருந்தாலோ இன்னும் மோசம். உள்ளே பால் அலைபாய்ந்து வளைவில் வண்டியையே சாய்த்துவிடும்.

சரக்கு வண்டியின் கதவில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ‘பெராட் தன்பா முவாத்தான்’ என்பது வெறும் வண்டியின் எடை. ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’ என்பது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய சுமை. விற்பனையாளர் வாயால் சொல்லும் கணக்கைவிட இந்தக் கழித்தல் கணக்கு நம்பத்தக்கது. இக்கணக்கில் வண்டிக்குள் அமர்ந்திருக்கும் மனிதர்களும் சுமைதான் என்பதை மறந்துவிட வேண்டாம். இரட்டைக் கேபினில் ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐவர் ஏறினால் 325 கிலோ அங்கேயே தீர்ந்துவிடுகின்றது. ‘ஒரு டன் பிக்-அப்’ என்று பெயர் பெற்ற வண்டியில் ஐந்து பேரையும் ஏற்றி ஒரு டன் கட்டிப்பாலையும் ஏற்ற முடியாது.

ஏற்றி இறக்கும் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தில் சுமையைத் தூக்கி வைப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள். சிறு லோரியின் தட்டு தாழ்வானது. பக்கக் கதவை இறக்கிவிட்டால் சாக்கைத் தூக்கித் தட்டின்மேல் சாய்த்துத் தள்ளிவிடலாம். நான்கு சக்கர இயக்கமுள்ள உயர்ந்த பிக்-அப்பிலோ பக்கச் சுவருக்கு மேலே, மார்பளவுக்குத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்கதவு வழியாக ஒருவர் மேலேறி நின்று இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை இதைச் செய்யும் இடுப்பு எவ்வாறு வலிக்கும் என்பதை விற்பனைத் தாளில் யாரும் அச்சிடுவதில்லை.

பணக் கணக்கிற்கு வருவோம். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒரு தோழர் ஒரே தோட்டத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் கைமாறி, அவர் வேலையிழக்கும் நிலை வருகின்றது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு நானூறு நாள் சம்பளம். ஏறத்தாழ 22,000 வெள்ளி. விடிவதற்கு முன் எழுந்து, கொசுக்கடியில் தலைவிளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்த இருபது ஆண்டுகளின் ஈடு அது.

அத்தோழர் 120,000 வெள்ளி விலையுள்ள பெரிய பிக்-அப் ஒன்றை வாங்க எண்ணுகின்றார். பத்து விழுக்காடு முன்பணமாக 12,000 வெள்ளி செலுத்துகின்றார். மிச்சம் 108,000 வெள்ளி. ஒன்பது ஆண்டுத் தவணை என்றால் 108 மாதங்கள். வட்டியை ஒருபுறம் ஒதுக்கி, முதலை மட்டும் பிரித்தாலே மாதம் 1,000 வெள்ளி! கட்டிப்பால் கிலோவுக்கு 3 வெள்ளி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதந்தோறும் முதல் 333 கிலோ வண்டிக்கே போய்விடும். அதற்குப் பிறகுதான் வட்டி; அதற்குப் பிறகு காப்புறுதி, சாலை வரி, எண்ணெய், சக்கரம், பழுது. எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சினால் குடும்பம். அவருக்கு அப்பொழுது வயது 46 என்றால், தவணை முடியும்போது வயது 55 ஆகியிருக்கும். சேமநிதிப் பணத்தை முழுமையாக எடுக்கும் வயது அது. கையில் இருப்பது பணமாக இருக்குமா, ஒன்பது வயதான வண்டியாக இருக்குமா?

அதே தோழர் 60,000 வெள்ளிக்குள் ஒரு சிறு லோரியைத் தேடி, இழப்பீட்டிலிருந்து 22,000 வெள்ளியையும் முன்பணமாக வைத்துவிட்டால் மிச்சம் 38,000. ஐந்தாண்டுத் தவணையில் முதல் மட்டும் மாதம் 633 வெள்ளி. ஐந்தாவது ஆண்டின் முடிவில் வண்டி அவருடையது. விலைகளை எடுத்துக்காட்டுக்காகத்தான் சொன்னோம். உங்கள் ஊரில் கேட்ட விலையை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பென்சிலும் ஒரு பழைய உறையின் பின்புறமும் போதும்.

எண்ணெய்ச் செலவும் சிறிதன்று. பெரிய பிக்-அப் வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. மலிவான டீசலை நம்பி அவற்றை வாங்கியவர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக மாறியது. 80 லிட்டர் கொள்ளும் தொட்டியை நிரப்ப 172 வெள்ளி கொடுத்தவர், ஒரே நாளில் 268 வெள்ளி கொடுக்க வேண்டியவரானார். தகுதி பெற்றோருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் அரசாங்கம் ‘பூடி மடானி’ திட்டத்தின் வழி மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வழங்க முன்வந்தது. ஓரளவு ஓட்டம் உள்ளவர்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால் ஒன்பது ஆண்டுத் தவணையில் கையெழுத்திடும் ஒருவர், ஒன்பது ஆண்டுக்கும் எண்ணெய் விலை மாறாது என்று எண்ணிக் கணக்குப் போடலாகாது. குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு விலையேற்றத்தின் அடியும் குறைவாகவே விழும்.

கடன் தாள்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வாடகைக் கொள்முதலுக்கென 1967ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. நிரப்பப்படாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தத்தின் படியைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. தவணை தவறினால் எழுத்து மூலமான முன்னறிவிப்பு வர வேண்டும் என்பதையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி வண்டி வாங்குகின்றான் என்று அன்பின் காரணமாகப் பிணைக் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடம் அதிகம். அது வெறும் சாட்சிக் கையெழுத்து என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அவன் செலுத்தத் தவறினால் கடன் உங்கள் வாசலுக்கு வரும். முன்பணத்துக்காகக் கூட்டுப் பிடிப்பதும் வேண்டாம். 1971ஆம் ஆண்டிலிருந்தே கூட்டு நடத்துவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பணம் பறிபோனபின் முறையிடுவதற்கு இடமின்றித் தவிக்க நேரும்.

இவ்வளவு சொன்னதால் பெரிய பிக்-அப்பே யாருக்கும் ஆகாது என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் செம்மண் மேடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பின் சக்கரத்தால் மட்டும் ஓடும் சிறு லோரி, அதிலும் வெறுந்தட்டோடு போனால், சேற்றில் பின்புறம் வழுக்கி வடிகாலில் இறங்கிவிடும். செங்குத்தான மேட்டு நிலத்திலிருந்து நாள்தோறும் சரக்கு இறக்குபவருக்கும், பின்னால் இழுவை வண்டி பூட்டிச் செல்பவருக்கும் நான்கு சக்கர இயக்கம் தேவையே. அவர்களுக்குங்கூட ஒற்றைக் கேபின் பிக்-அப் இருக்கின்றது. அதன் தட்டு ஏறத்தாழ ஏழரை அடி நீளம் வரும். விற்பனைக் கூடத்தின் முகப்பில் அதை நிறுத்தி வைக்கமாட்டார்கள்; கேட்டால்தான் காட்டுவார்கள்.

சிறு லோரிக்கும் ஒரு குறை உண்டு. ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னே தகடும் கண்ணாடியும்தான் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்று மோதினால் அடி நேராக அவர் மீது விழும். அது தோட்டத்துக்கும் சந்தைக்கும் நிறுவை நிலையத்துக்கும் இடையே நிதானமாக ஓட வேண்டிய வண்டி. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டம் உள்ளவர் இதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

தாய்மார்கள் கவனத்துடன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. லயத்து முன்வாசலில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகின்றனர். வண்டிகள் வந்து நிற்பதும் அங்கேதான். பெரிய பிக்-அப் வண்டிகளின் முன்மூடி மிக உயர்ந்திருப்பதால், வண்டிக்கு நேர் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சில வண்டிகளில் முன்மூடியின் உயரமும் அதுவே. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை மோதினால், முன்மூடி தாழ்ந்து சரிந்த வண்டிகளைவிட உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. 40 அங்குலம் என்பது ஒரு மீட்டருக்குச் சற்றே மேல்.

முன்னால் இஞ்சின் மூடி நீட்டிக்கொண்டிராத சிறு லோரியில், ஓட்டுநரின் பார்வை சக்கரத்துக்கு அருகிலேயே தரையில் விழுகின்றது. எனினும் பின்னோக்கிச் செலுத்தும்போது எந்த வண்டியும் குருட்டு வண்டியே. லயத்து வாசலில் வண்டியை எடுக்குமுன் ஒருவர் இறங்கிச் சுற்றிப் பார்த்து, பிள்ளைகளை ஓரமாக நிறுத்திக் கைகாட்டிய பிறகே நகர்த்துங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆட்களை ஏற்றிச் செல்வதைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்கின்றோம். சிறு லோரி வாங்கியவுடன், காலையில் நான்கு பேரைத் தட்டில் உட்காரவைத்து வேலைக்காட்டில் இறக்கிவிடலாம், சந்தை நாளில் குடும்பத்தோடு ஏறிப் போகலாம் என்ற எண்ணம் எழும். சரக்குத் தட்டு மனிதர் அமரும் இடமன்று. வார்ப்பட்டையும் இல்லை; பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஒரு குழியில் சக்கரம் இறங்கினாலும் ஆள் வெளியே விழுவார். உங்கள் தொழிலே ஆட்களை ஏற்றிச் சென்று சிறு தோட்டங்களில் ஒப்பந்த வேலை செய்வது என்றால், இரட்டைக் கேபின் வண்டி உங்களுக்கு ஏற்றது. ஐந்து இருக்கை, ஐந்து வார்ப்பட்டை. அதற்காகத்தான் அந்த விலை. ஆட்களை ஏற்றும் தொழில் இல்லாத ஒருவர், வெறும் இருக்கைகளுக்காக ஐந்தடித் தட்டோடு திருப்திப்படுவதில்தான் பொருளில்லை.

காப்புறுதி எடுக்கும்போது வண்டியை எதற்குப் பயன்படுத்தப் போகின்றீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதற்குரிய உரிமம் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேர்ந்த அன்று காப்புறுதி கைவிட்டுவிடக்கூடும்.

எல்லாக் குடும்பத்துக்கும் தனித்தனியே வண்டி வேண்டுமா என்றும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த நாளில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தையே சேர்ந்து வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு சிறு லோரியைச் சேர்ந்து வாங்குவது அரிதாகுமா? வாரத்தில் இருமுறை மட்டும் சரக்கு ஏற்றும் குடும்பங்கள் மூன்று ஒன்றுகூடினால் ஒரு வண்டி போதும். யார் பெயரில் பதிவு, யார் ஓட்டுவது, பழுதுச் செலவை எப்படிப் பங்கிடுவது, ஒருவர் விலக நேர்ந்தால் அவர் பங்கு என்னாவது என்பவற்றை முதல் நாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர்களுக்கிடையே எழுத்தென்ன என்று கூச்சப்படுபவர்கள் இம்முயற்சியில் இறங்காமலிருப்பதே நல்லது. வாடகை லோரி கிடைக்கும் ஊரில் ஓராண்டு அதையே அமர்த்தி, ஒவ்வொரு மாதமும் என்ன செலவாயிற்று என்று ஏட்டில் குறித்து வந்தால், சொந்த வண்டி தேவைதானா என்பதை அந்த ஏடே சொல்லிவிடும்.

இவ்வளவுக்குப் பின்னும் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், விற்பனைக் கூடத்துக்கு அளவு நாடா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செல்லுங்கள். தட்டின் நீளத்தையும் அகலத்தையும் சக்கர மேடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குச் செல்லும் பாதையிலுள்ள சிறு பாலத்தின் அகலத்தை முதல் நாளே அளந்து வைத்திருங்கள். கதவில் எழுதிய இரு எடைகளையும் பாருங்கள். சுமை தூக்கும் மனைவியையோ மகளையோ உடன் அழைத்துச் சென்று, தட்டின் உயரத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியானால், மழை பெய்த மறுநாள் உங்கள் செம்மண் பாதையிலேயே ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அன்றே கையெழுத்திட வேண்டும், நாளை இந்த விலை கிடைக்காது என்று அவசரப்படுத்தினால், தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பணிநீக்க இழப்பீடு பற்றி ஐயமிருந்தால் வட்டாரத் தொழிலாளர் இலாகா அலுவலகத்திலும், சேமநிதி பற்றி ஊழியர் சேமநிதி வாரியத்தின் கிளையிலும் கட்டணமின்றிக் கேட்டறியலாம். அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.